வார இறுதிப் பயணமும் வராத விசா அட்டையும்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் முதுகலை படிக்கும் 23 வயது மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கொங்குப் பகுதியில் தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கி, சென்ற அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். விடுதியில் ஒரே மாடியில் இருக்கும் ஐந்து இந்திய மாணவர்கள் ஒரு குழுவானார்கள். வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கமாயிற்று. கொலோன், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் ஆகிவிட்டன. கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் டிக்கெட்டும் தங்குமிடமும் இவர் வங்கி அட்டையில்தான் பதிவாகும். இப்போது மற்றவர்கள் இவருக்குத் தர வேண்டியது 412 யூரோ. அதில் ஒரு பெண், பாரிஸ் பயணத்திலிருந்து இரண்டு நாளுக்கு முன் விலகிவிட்டு, ஐரோப்பாவில் எதையும் பதினான்கு நாளுக்குள் திருப்பலாமே, நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கிறாராம்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பிய ஞாயிறு இரவில்தான் எல்லாம் குவிந்தது. பணத்தை மிச்சப்படுத்த நெதர்லாந்து எல்லை ஊரான வென்லோ வரை வந்து, அங்கிருந்து ஜெர்மன் வட்டார ரயிலில் ஏறியிருக்கிறார்கள். ஏறியதும் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது. டிக்கெட் அதற்குள். பாஸ்போர்ட்டின் படமும் அதற்குள். பாஸ்போர்ட் விடுதி அலமாரியில். கால்டன்கிர்ஹன் நிலையத்தில் ஏறிய போலீசார் மாணவர் அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, எச்சரித்துவிட்டார்கள். அடுத்து வந்த பரிசோதகர் 60 யூரோவுக்கு அபராதத் தாள் எழுதிக் கொடுத்தார்.

விசா மார்ச் இறுதியில் முடிகிறது. வசிப்பு அனுமதி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறார். நேரில் வரச்சொன்ன தேதி மே மாதத்தில். குழு ஈஸ்டர் விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போகத் திட்டமிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது. இதற்கிடையே குளிர்காலத் தேர்வில் ஒரு தாள் போய்விட்டது. ஈஃபில் கோபுரத்தின் முன் நிற்கும் படம் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸ் வழியாக அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் திட்டவில்லை, வட்டி கட்டும் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அபராதத்தால் விசா பறிபோகுமா, சுவிட்சர்லாந்து போகலாமா, பணத்தை எப்படிக் கேட்பது, ஊர் சுற்றுவதே தப்பா என்பவை இவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

அபராதத் தாளில் கெடு இருந்ததால் அதைப் பற்றி மட்டும் உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். உங்களைப் போல் இன்னும் பலர் அதே ரயிலில் வருகிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஊர் சுற்றுவது தப்பில்லை. நானும் அங்கே சட்டம் படித்தவன்தான். அப்போது 'ஷோனஸ் வோஹனெண்டே' என்றொரு டிக்கெட் இருந்தது; 1995-இல் அறிமுகமாகி 2019-இல் நிறுத்தப்பட்டது. ஐந்து பேருக்கு ஒரே டிக்கெட், ஒரு நாள் முழுக்க வட்டார ரயிலில் எங்கும் போகலாம். நான்கு பேர் சேர்ந்துவிட்டால் ஐந்தாவது ஆளைத் தேடி விடுதிக் கதவுகளைத் தட்டுவோம். அப்படித் தட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். ஜெர்மன் சிறுநகரத்தின் ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. கடைகள் எல்லாம் மூடியிருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அறைச் சூடேற்றிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்தான் துணை. அந்த ஞாயிற்றுக்குப் பயந்துதான் பாதிப் பேர் ரயில் ஏறுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கம் சொல்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் பயணங்கள் எதையுமே நீங்கள் தீர்மானிக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தேதி என்பதைக் குழு முடிவு செய்கிறது. அட்டை மட்டும் உங்களுடையது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அறுபது யூரோவும் அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்டும்

உங்களிடம் இருந்தது செமஸ்டர் கட்டணத்தோடு சேர்ந்து வரும் டாய்ச்லாண்ட் டிக்கெட். அது பெயர் போட்ட டிக்கெட். பிறருக்கு மாற்ற முடியாது. இந்தக் கட்டுப்பாடுதான் இப்போது உங்களுக்குச் சாதகம். அந்த நேரத்தில் உங்கள் பெயரில் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தது என்று தாளில் உள்ள கெடுவுக்குள் காட்டினால், 60 யூரோ 7 யூரோவாகக் குறையும். தாளில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டு, டிக்கெட்டின் நகலோடு அனுப்ப வேண்டும். திரை அணைந்தால் டிக்கெட் இல்லை என்றுதான் பரிசோதகர் எடுத்துக்கொள்வார். அவரோடு வாதாடிப் பயனில்லை. எழுத்தில் காட்டுவதுதான் வழி.

கெடு தாண்டிவிட்டவர்களும் தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடக் கூடாது. வசூல் நிறுவனத்தின் கடிதம் வரும். ஒவ்வொரு கடிதத்திலும் தொகை ஏறும்.

இதனால் விசா பறிபோகும் என்று உங்கள் அறைத்தோழி சொன்னது தவறு. அந்த 60 யூரோ கூடுதல் கட்டணம்தான். குற்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் வேண்டுமென்றே டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 265ஏ பிரிவில் குற்றம். திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்கள் மீது நிறுவனங்கள் போலீசில் புகார் கொடுக்கின்றன. குழுவில் ஒருவர் "என் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறேன், அதைக் காட்டிவிடு" என்று யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். சார்ஜ் தீர்ந்ததற்கு மன்னிப்பு உண்டு. அடுத்தவர் டிக்கெட்டைக் காட்டினால் அது வேறு கதையாகிவிடும்.

போலீசார் விஷயம். உங்களிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தன. கையில் எடுத்து வராததுதான் பிழை. பாஸ்போர்ட்டே இல்லாமல் நாட்டுக்குள் வருவதும் இதுவும் ஒன்றல்ல. பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் எல்லைச் சோதனையின்றிப் போய்வர ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் எல்லையே கிடையாது என்று நீங்கள் நினைத்திருந்தது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தும் தொடங்கியது. நெதர்லாந்தில் 14 வயது நிரம்பிய எவரும் கேட்டால் அடையாள ஆவணம் காட்ட வேண்டும். மாணவர் அட்டை அதில் சேராது. திருட்டுப் போய்விடுமோ என்று பாஸ்போர்ட்டை விட்டுச் சென்றீர்கள். பயம் நியாயம்தான். வெளிநாட்டில் தொலைந்தால் தூதரகம் அவசரத்துக்குத் தரும் சான்று இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கானது. அதை வைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்ப முடியாது. அதற்காக வீட்டில் வைத்துவிட்டு எல்லை தாண்டலாமா? முதுகுப்பையின் வெளிப்பையில் வைக்காமல், சட்டைக்குள் தொங்கும் மெல்லிய பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டது சும்மா இல்லை.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். விடுதி அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். அதிகாரபூர்வக் கடிதங்கள் அங்கே மஞ்சள் உறையில் வரும்; தபால்காரர் உறை மேல் தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். நேரில் விசாரிக்காமல் நீதிமன்றம் எழுத்தில் அனுப்பும் தண்டனை உத்தரவு என்றால் மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரம். ஊர் சுற்றிவிட்டு வந்து பெட்டியைத் திறக்காத மாணவர்கள், செய்யாத தப்புக்கும் ஒப்புக்கொண்டவர்களாகிவிடுகிறார்கள். உங்களுக்கு அப்படி ஏதும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தால் உறையோடு எடுத்துக்கொண்டு மாணவர் சங்கத்தின் சட்ட உதவி நேரத்துக்குப் போங்கள்; பல பல்கலைக்கழகங்களில் அது இலவசம்.

சுவிட்சர்லாந்து: இப்போது வேண்டாம்

இதில் என் பதில் தெளிவானது. ஈஸ்டருக்குப் போகாதீர்கள்.

உங்கள் நண்பர்களுக்கு வசிப்பு அட்டை வந்துவிட்டது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோடு ஜெர்மன் வசிப்பு அட்டையோ நீண்டகால 'டி' விசாவோ இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. வார இறுதிகள் சேர்ந்து அந்த 90 நாள் தீர்ந்திருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய பயணங்களைக் கூட்டினால் பன்னிரண்டு நாள்கூட வரவில்லை.

உங்கள் நிலைமை வேறு. விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டதால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாக வசிப்புச் சட்டத்தின் 81(4) பிரிவு கருதுகிறது. எனவே ஏப்ரலில் நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகமாட்டீர்கள். நிம்மதியாக வகுப்புக்குப் போகலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது "விண்ணப்பம் கிடைத்தது" என்று கணினி தானாக அனுப்பிய மின்னஞ்சல். அது சான்று அல்ல. அதைக் காட்டி எல்லை தாண்ட முயலாதீர்கள்.

வெளிநாட்டினர் அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டியது, இந்திய மாணவர்கள் 'ஃபிக்‌ஷன் சர்டிஃபிகேட்' என்று சொல்லும் தாள்; முடிவு வரும்வரை நீங்கள் தங்கலாம் என்பதற்கான சான்று அது. கட்டணம் 13 யூரோ. விசா முடியும் தேதியையும் மே மாதச் சந்திப்புத் தேதியையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுவாரம் நேரில் போய் நில்லுங்கள். கைக்கு வந்ததும் எந்த உட்பிரிவில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 81(4) என்றால், முடிந்த விசாவும் பாஸ்போர்ட்டும் கூட இருக்கும்போது, வெளியே போய் ஜெர்மனிக்குள் திரும்பலாம். 81(3) என்றால் அந்தத் தாளை நம்பி வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு குறிதான் வித்தியாசம். அது புரியாமல் அவசரத்துக்கு ஊர் போய்விட்டு, திரும்ப விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

81(4) தாள் ஈஸ்டருக்குள் வந்துவிட்டால் போகலாமே என்பீர்கள். சட்டப்படி வழி இருக்கலாம். இரவுப் பேருந்தில், பாசல் எல்லையில், இந்தத் தாளைப் பார்த்திராத ஒருவரிடம் அரைகுறை ஜெர்மனில் 81(4)-ஐ விளக்க வேண்டியவர் நீங்கள். மற்ற நான்கு பேரும் அட்டையைக் காட்டிவிட்டுத் தூங்குவார்கள்.

இன்னொரு காரணம், உங்கள் மருத்துவக் காப்பீடு. பொதுக் காப்பீட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் ஐரோப்பிய மருத்துவ அட்டை இருக்கும். அது எங்கும் செல்லும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஜெர்மானியருக்குச் சுவிட்சர்லாந்திலும் அது செல்லும். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவருக்குச் சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய இடங்களில் செல்லாது. அட்டை ஒன்றுதான், பாஸ்போர்ட்டைப் பொறுத்து அதன் பலம் மாறுகிறது. பிரான்சிலோ நெதர்லாந்திலோ கால் பிசகினால் கவலையில்லை. சுவிஸ் மலையூரான இன்டர்லாக்கன் பனியில் வழுக்கி விழுந்தால் மொத்தச் செலவும் உங்களுடையது. பின்னொரு நாள் போகும்போது தனியாகப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசிக்கும் இதே கதைதான். 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. உங்கள் திட்டத்தில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் டேட்டாவை ஆன் செய்தால் பில் வரும்போது பனி உருகிவிடும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதச் செலவுக்கென்று முன்கூட்டியே முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் நீங்கள் போட்ட 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் விடுவிக்கப்படும். இன்டர்லாக்கனிலிருந்து யுங்ஃப்ராயோக் என்ற மலை ரயில் நிலையத்துக்குப் போய்த் திரும்ப ரயிலுக்கு மட்டும் முழுக் கட்டணம் 200 ஃபிராங்குக்கு மேல். 412 யூரோ வெளியே நிற்கும்போது இதற்கும் அட்டையை நீட்டுவீர்களா?

நண்பர்களிடம் நிற்கும் 412 யூரோ

"எழுதி வாங்கவில்லை, அதனால் கேட்க உரிமை இல்லை" என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள். அப்படி இல்லை. ஜெர்மன் சட்டத்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். குழு உரையாடலில் "எனக்கும் சேர்த்துப் போடு" என்று அவர்கள் எழுதியிருப்பதே போதிய சான்று. மூன்று ஆண்டு வரை கேட்கலாம்; அதுவும் கடன் ஏற்பட்ட ஆண்டு முடிந்த பிறகுதான் அந்த மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும்.

பாரிஸுக்கு வராமல் நின்ற தோழி சொல்லும் பதினான்கு நாள் விதி உண்மையானதுதான். இணையத்தில் சட்டை வாங்கினால் பொருந்தும். குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்த விடுதிக் கட்டிலுக்கும் பேருந்து இருக்கைக்கும் அந்த உரிமை இல்லை. வருகிறேன் என்று சொன்ன பிறகு, திருப்ப முடியாத கட்டணத்தில் அவர் பங்கு அவருடையதே. வேறு யாராவது அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் கணக்கு மாறும். உங்கள் கடிதப்படி அது காலியாகவே கிடந்தது.

நீதிமன்ற வழியும் இருக்கிறது. 'மான்வெர்ஃபாரன்' என்ற எளிய முறையில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எதிராளி இரண்டு வாரத்துக்குள் மறுக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகும். வழி தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே சமையலறையில் சோறு வடிக்கிறவர்கள் மேல் நான் அதை ஏவச் சொல்லமாட்டேன். ஒரு தாளில் பயணம், தேதி, ஒவ்வொருவர் பங்கு, கொடுத்தது, பாக்கி என்று நான்கைந்து வரி எழுதிக் குழுவில் போடுங்கள். தேதி ஒன்றைச் சொல்லுங்கள். விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். "தப்பாக நினைக்காதே" என்று நாம் தொடங்கினால், எதிரில் இருப்பவர் தப்பாக நினைத்துக்கொள்ள நாமே வழிகாட்டுகிறோம்.

இனிமேல் உங்கள் அட்டையில் உங்கள் இருக்கை மட்டும். முன்பதிவு யார் பெயரிலோ, விடுதிக்காரருக்கு அவர்தான் பொறுப்பு. நான்கு பேர் அறையில் ஆறு பேர் தூங்கினாலும், கண்ணாடி உடைந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள்.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை உறுத்தியது. குழுவில் ஒருவர் அங்கே ஒரு கடையில் வாங்கிய கஞ்சாவை எல்லாருடைய துணியும் இருந்த பொதுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார் என்கிறீர்கள். 2024 ஏப்ரல் முதல் ஜெர்மனியில் வயது வந்தவர் 25 கிராம் வரை வைத்திருப்பது குற்றமில்லை. அதனால் பரவாயில்லை என்று அவர் சொன்னாராம். வைத்திருப்பது வேறு. எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவருவது இன்றும் குற்றம். கால்டன்கிர்ஹனில் அந்தப் போலீசார் பெயரைச் சரிபார்த்ததோடு விட்டுவிட்டு, உங்கள் மடியில் இருந்த பையைத் திறக்காமல் போனார்கள். 60 யூரோவுக்குத் தூக்கம் போன நீங்கள் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். பொதுப் பையைத் தூக்காதீர்கள்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய இடம்

தேர்வில் தவறிய அந்தத் தாள். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் 'இறுதியாகத் தோல்வி' என்று பதிவாகி, மாணவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அதே பாடப்பிரிவை நாட்டில் வேறெங்கும் தொடர்வதும் அநேகமாக முடியாது. படிப்பு போனால் படிப்புக்காகக் கொடுத்த வசிப்பு அனுமதியின் அடித்தளமே போய்விடும். ரயில் அபராதம் செய்யாததை இது செய்யும். உங்கள் பாடத்திட்ட விதித்தொகுப்பில் எத்தனை முயற்சி என்று பாருங்கள். மறுதேர்வுத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். அதற்கு முந்தைய ஐந்து வார இறுதிகள் எந்தக் குழுவுக்கும் கிடையாது.

மற்ற வாரங்களில் போய் வாருங்கள். உங்கள் செமஸ்டர் டிக்கெட் ஜெர்மனி முழுக்க வட்டார ரயிலில் செல்லும். வேக ரயில்களில் மட்டும் ஏறிவிடாதீர்கள். ட்ரியர் நகரில் ரோமானியர் இரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய கறுத்த வாயில் நிற்கிறது. கொலோன் தேவாலயத்தை 1248-இல் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள். கோபுரத்தில் 533 படிகள். நீங்கள் அதன் வாசலில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்துக்கு ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை, தனியாகவோ ஒரே ஒரு தோழியோடோ, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் மெதுவாக ஏறிப் பாருங்கள்.

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்கு 22 யூரோ கொடுத்தீர்களாமே. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, வசிப்புச் சான்று போதும். அட்டை வந்ததும் இன்னொரு முறை போனால் அந்தப் பணம் வசூலாகிவிடும். 26 ஆக இன்னும் காலம் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி இரண்டு வரி. அவர் தேதியை நினைவூட்டியது வட்டிக்காக மட்டும் இருக்காது. படத்தை உங்களிடமிருந்து பார்க்காமல் வேறு யாரோ வழியாகப் பார்த்தார் அல்லவா? இந்த ஞாயிறு கூப்பிட்டு, பாரிஸ் போக எவ்வளவு ஆனது, எந்தப் பணத்தில் போனேன், யார் எவ்வளவு தர வேண்டும் என்று எண்களோடு சொல்லுங்கள். தறி ஓட்டுகிறவர், கணக்கு கேட்டுப் பழகியவர். தவறிய தாளையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஸ்டேட்டஸ் வழியாக அது போய்ச் சேர வேண்டாம்.

வெள்ளிக்கிழமைப் பதிலுக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் எந்த மொழியில் பேசுவீர்களோ அந்த மொழியில் இதைப் போடுங்கள்: "ஈஸ்டருக்கு நான் வரவில்லை. அட்டை வராமல் எல்லை தாண்ட முடியாது. எனக்காக இடம் வைக்க வேண்டாம். பழைய கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். 15-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை கொலோன் கோபுரம் ஏறப் போகிறேன், காலை 8.10 ரயில். வருகிறவர்கள் வரலாம், டிக்கெட் அவரவர் கைப்பேசியில்." பவர் பேங்க்கை மறக்காதீர்கள்.